புஷ்பம் கூட்டிய வேகம்

புஷ்பத்துக்கு இடது காது கேட்காது. பிறவிக் குறை அல்ல. இருபத்து மூன்றாம் வயதில் அண்ணன் எத்திராஜ் விட்ட ஒரே அறையில் போனது.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவள். தகப்பன் இல்லாத வீட்டில் படகு, வலை, அதிகாரம் எல்லாம் எத்திராஜின் கையில் இருந்தன. கோபம் வந்தால் அவனுக்கு முதலில் கை பேசும், பிறகுதான் வாய். பெற்ற தாய் பூவம்மாளே அவன் வீட்டுக்குள் நுழைந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். கடைக்குட்டி அருண்ராஜ் மட்டும் அண்ணனைக் கண்டு பயந்ததில்லை. அவன் யாரைக் கண்டும் பயந்ததில்லை.

பத்தாவது முடித்ததும் புஷ்பம் கம்பெனி பஸ் ஏறினாள். தாம்பரம் சானடோரியத்தில், ஏற்றுமதி வளாகத்துக்குள், கம்ப்யூட்டருக்குள் ஓடும் சின்ன விசிறிகளுக்கு மோட்டார் செய்யும் கம்பெனி. வளாகத்தின் வாசலுக்கு எதிரே பைக் மெக்கானிக் ஷெட் போட்டிருந்தவன் சிட்டிபாபு. மீனவனும் இல்லை, சாதி சனமும் இல்லை. இரண்டாயிரத்து மூன்றில் தாம்பரம் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்துக்குப் போய் நின்றபோது, எப்படியோ மோப்பம் பிடித்து எத்திராஜ் வந்துவிட்டான். படிக்கட்டிலேயே அறைந்தான். காதுக்குள் ஏதோ கிழிந்த சத்தம், அதன் பிறகு அந்தப் பக்கத்தில் உலகமே இல்லை. நாலு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். புஷ்பம் கழுத்தில் ரத்தம் வடிய வடிய உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள்.

கம்பெனியில் பத்து வருஷம் ஒரே வேலை. மோட்டாருக்குள் காந்தம் சுற்றும்போது அது எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு குட்டி சென்ஸார் உண்டு. அது சொல்கிற நேரத்தில்தான் கம்பிச்சுருளுக்குக் கரண்ட் போகும். அந்த சென்ஸாரைச் சரியான இடத்தில் ஒட்டுவது புஷ்பத்தின் வேலை. ஒருநாள் ஒரு லாட் முழுக்க மயிரிழை தள்ளி ஒட்டப்பட்டுவிட்டது. அந்த விசிறிகள் மற்றவற்றைவிட வேகமாக ஓடின, கூடவே சூடேறவும் செய்தன. சூப்பர்வைசர் தட்டோடு தூக்கி அவள் முகத்துக்கு நேராக எறிந்தார். உதடு கிழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே அவள் யோசித்தது ஒன்றுதான்: தப்பாக ஒட்டினது ஏன் வேகமாக ஓடுகிறது?

லைனில் இருந்த ஒரு இன்ஜினியர் பெண், நிஷா என்று பெயர், டீ இடைவேளையில் அவளுக்கு விளக்கினாள். காந்தம் சுற்றும்போது அதுவே எதிர்க் கரண்டை உண்டாக்கும். வேகம் ஏற ஏற அந்த எதிர்ப்பும் ஏறும். பேட்டரியின் பலமும் அந்த எதிர்ப்பும் சமமாகும் இடத்தில் வேகம் நின்றுவிடும். ஆனால் கரண்டைக் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பினால் அது காந்தத்தின் முகத்திலேயே எதிராகப் போய் அமுக்கும். அமுங்கின காந்தம் அவ்வளவு எதிர்க்காது. மோட்டார் மேலே ஓடும்.

"ஆனா அந்த அமுக்கத்த விடாம புடிச்சிகிட்டே இருக்கணும் அக்கா. அதான் கஷ்டம்" என்றாள் நிஷா. பெல் அடித்துவிட்டது. பேச்சு அதோடு நின்றது.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு திங்கட்கிழமை கம்பெனி கேட்டில் பூட்டுத் தொங்கியது. சிட்டிபாபு ஷெட்டை இரும்புலியூருக்கு மாற்றினான். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் முன்பக்கம் ஷெட், பின்பக்கம் வீடு. புஷ்பமும் ஸ்பேனரைப் பிடித்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை. வண்டி விட வருகிறவர்கள் சிட்டிபாபுவிடம் பேசுவார்கள். வேலை பாதிக்குமேல் உள்ளே அவள் கையில் நடக்கும்.

இரண்டாயிரத்து எட்டில் பேட்டரி ஸ்கூட்டர்கள் தெருவெல்லாம் வந்தன. பெட்ரோல் வேண்டாம், சத்தம் இல்லை என்று ஆசையாக வாங்கியவர்கள் மூன்றாம் மாதமே முகத்தைச் சுளித்தார்கள்.

"இன்னா பாபு இது, மொபெட்டுக்காரன் ஓவர்டேக் பண்ணிகினு போறான். எதுனா பண்ணு."

புஷ்பம் ஒரு வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றினாள். சக்கரமேதான் மோட்டார். ஓரமெல்லாம் வரிசையாகக் காந்தம். நடுவில் கம்பிச்சுருள். அந்த இரண்டையும் பிரிப்பது மிருகத்தின் வாயைப் பிளப்பது மாதிரி. முதல் நாள் சிட்டிபாபு பிடி நழுவவிட்டான். காந்த வளையம் பாய்ந்து மூடியதில் அவன் கட்டைவிரல் நகம் நசுங்கிக் கழன்றே போனது. அவன் கத்திய கத்தலில் எதிர்க்கடை ஜலால் பாய் ஓடிவந்துவிட்டார். பேட்டரி, ஒயர் விற்கிறவர். நசுங்கின விரலைப் பார்த்துவிட்டு, "வாணாம்மா, இது பேஜார் புடிச்ச வேல" என்றார்.

புஷ்பம் விடவில்லை. உள்ளே இருந்த சென்ஸார்களுக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்தள்ளி, இன்னொரு வரிசை சென்ஸார் வைத்தாள். கைப்பிடியில் ஒரு சுவிட்ச். சாதாரணமாக ஓட்டினால் பழைய சென்ஸார். வேகம் பிடித்தபின் கட்டைவிரலால் சுவிட்சைத் தள்ளினால் புதியது. நாற்பதில் முக்கிக்கொண்டிருந்த வண்டி சீறிக்கொண்டு அறுபத்தைந்து தொட்டது. ஆக்ஸிலேட்டரை விட்டால் மட்டும் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் ஒரு இழுப்பு. அது பெரிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு வருஷத்தில் பதினோரு வண்டிகள். எல்லாப் பேரும் சிட்டிபாபுவுக்கு.

ஆறு வருஷம் தலைகாட்டாத தம்பி அருண்ராஜ் அப்போதுதான் வந்தான். அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு பை வஞ்சிர மீனோடு வந்து ஷெட் வாசலில் நின்றான். இருபத்து மூன்று வயசு. வாயெல்லாம் பல்.

"அக்கா, ஒம் மூஞ்சி இன்னா இப்டி கிரீஸா கீது? மாமா, இவுள தொவச்சி காயப் போடக் கூடாதா?"

புஷ்பம் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் சட்டையில் கிரீஸ் ஆனது.

கோவளத்திலிருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் மீன் பெட்டி கொண்டுவருவது அவன் தொழில். அதற்காக ஒரு பழைய பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியிருந்தான். வந்தால் அக்கா வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கணக்கு. ஆனால் பைக் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இவனுக்கு முன்னால் போய்விடுகிறார்கள்.

"நா போறதுக்குள்ள நல்ல எடமெல்லாம் போய்டுதுக்கா. மீனும் தொவண்டுடுது. எனக்கும் அந்த ராக்கெட் பட்டன் வெச்சிக் குடு."

வைத்துக் கொடுத்தாள். பன்னிரண்டாவது வண்டி. தம்பி என்பதால் மற்றவர்களுக்கு வைத்ததைவிட இன்னும் ஒரு நூல் முன்தள்ளி வைத்தாள். மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் ஒயருக்குள் இறங்குகிறது என்று சிட்டிபாபு தன் பங்குக்கு ஒரு ரிலே மாட்டினான். சாவியை அணைத்தால் பேட்டரி லைனே மொத்தமாக வெட்டுப்பட்டுவிடும்.

நாலு மாதம் அருண்ராஜ் பறந்தான். மார்க்கெட்டில் முதல் ஆளாக நின்றான்.

இரண்டாயிரத்து ஒன்பது ஜூன் மாதம், காலை ஆறே கால் மணி. புஷ்பம் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் கூச்சல் கேட்டது. ஜலால் பாய் ஓடிவந்தார். லுங்கி அவிழ்ந்து விழுகிறதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"புஷ்பா, பாலத்து எறக்கத்துல... ஒன் தம்பிம்மா..."

அவள் ஓடினாள். இரும்புலியூர் பாலத்தின் இறக்கத்தில் ரோடு முழுக்க மீன் சிதறிக் கிடந்தது. உடைந்த ஐஸ்கட்டிகள் ரத்தத்தில் சிவந்து கரைந்துகொண்டிருந்தன. ஸ்கூட்டர் ஓரத்தில் தலைகீழாகக் கிடந்தது. அருண்ராஜ் அங்கே இல்லை. முப்பது அடி தள்ளி ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அதன் முன்சக்கரத்துக்கு அடியில் அவனுடைய வலது கால்.

அவனுக்கு நினைவு இருந்தது. அதுதான் கொடுமை. "அக்கா, கால எடுக்கச் சொல்லு, கால எடுக்கச் சொல்லு" என்று அலறினான். லாரியை அரை அடி பின்னால் எடுத்தார்கள். அப்போது வந்த சத்தத்தை அவளுடைய நல்ல காது கேட்டது. செத்தாலும் அது போகாது. முழங்காலுக்குக் கீழே கால் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முந்தானைத் துணி, லுங்கி, யாருடையதோ துண்டு, எல்லாவற்றையும் வைத்து இறுக்கிக் கட்டினாள். ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். யாரும் இடிக்கவில்லை. எதுவும் குறுக்கே வரவில்லை. இறக்கத்தில் சல்லென்று வந்த வண்டியில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. ரோட்டில் டயர் தேய்ந்து, வண்டி குறுக்கே திரும்பி, பையன் பந்து மாதிரி எகிறி லாரிக்கு முன்னால் போய் விழுந்தான்.

மறுநாள் பகலில் ஜலால் பாயும் இன்னொருவரும் ஸ்கூட்டரைத் தூக்கிக்கொண்டுவந்து ஷெட்டில் போட்டார்கள். சிட்டிபாபு ஆஸ்பத்திரியில் இருந்தான். புஷ்பம் தனியாக வண்டியைப் பார்த்தாள். சீட்டுக்கு அடியில், மோட்டாருக்குக் கரண்டை அளந்து அனுப்பும் கண்ட்ரோலர் பெட்டி வயிறு வெடித்துக் கிடந்தது. உள்ளே எல்லாம் கரி. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். சேற்றுக்குள் சுற்றுவதுபோல் முரண்டுபிடித்தது. பிறகு சாவியைப் பார்த்தாள்.

சாவி அணைந்த நிலையில் இருந்தது.

ஓடுகிற வண்டியில் சாவியை யார் அணைப்பார்கள்? கேள்வி முழுதாக எழுவதற்கு முன்பே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. பெட்ரோல் வண்டிக்காரர்கள் எல்லோரும் அணைப்பார்கள். பாலத்தில் ஏறி, உச்சியைத் தொட்டதும் சாவியைத் திருப்பிவிட்டு, இறக்கம் முழுக்க சும்மாவே உருண்டு போவார்கள். பெட்ரோல் மிச்சம். அருண்ராஜ் பதினாறு வயதிலிருந்து அண்ணனின் பைக்கை அப்படித்தான் ஓட்டினான். கை தானாகப் போயிருக்கும்.

நிஷா சொன்னது அப்போதுதான் முழுதாக உள்ளே இறங்கியது. அமுக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அறுபத்தைந்தில் போகும்போது கரண்டுதான் காந்தத்தை அமுக்கி வைத்திருக்கிறது. சாவியைத் திருப்பிய நொடியில் அந்தப் பிடி விட்டது. காந்தம் முழு பலத்தோடு எழுந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டபோதெல்லாம் அந்த பலம் பேட்டரிக்குள் பாய்ந்து, லேசான இழுப்போடு அடங்கியது. இந்தத் தடவை பேட்டரி லைன் வெட்டுப்பட்டிருந்தது. போக இடமில்லாத கரண்ட் கண்ட்ரோலரை வெடிக்கவைத்தது. உள்ளே எல்லாம் உருகி ஒட்டிக்கொண்டதும் மோட்டார் பிரேக்காகிச் சக்கரத்தைக் கவ்விவிட்டது.

அவள் ஒருநாளும் முழு வேகத்தில் சாவியை அணைத்துப் பார்த்ததில்லை. ஷெட்டில் சோதனை ஸ்டாண்டில் ஓட்டும்போதுகூட, சக்கரம் தளர்ந்த பிறகுதான் பேட்டரி சுவிட்சை அணைப்பாள். பழக்கம்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு எத்திராஜ் வந்தான். கூட இரண்டு பேர். சிட்டிபாபு அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து குளித்துவிட்டு, வெற்றுடம்போடு நின்றிருந்தான்.

"ங்கொய்யால, எந் தம்பி கால எடுத்துட்டாங்கடா. முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க" என்றான் எத்திராஜ். சொல்லி முடிப்பதற்குள் முதல் அடி விழுந்தது. ஷெட்டில் கிடந்த வீல் ஸ்பேனர் எப்படி அவன் கைக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. தோளில் விழுந்தது, விலாவில் விழுந்தது. தலையைக் காப்பாற்றத் தூக்கிய வலது கையில் மூன்றாவதும் நாலாவதும் விழுந்தன. சிட்டிபாபு திருப்பி அடிக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. வந்த இரண்டு பேரும் ஷெட்டைப் பிரித்தார்கள். பல்பு, கண்ணாடி, பேட்டரி என்று கையில் கிடைத்ததெல்லாம் தெருவுக்குப் போனது. அமிலம் தரையில் நுரைத்தது.

புஷ்பம் குறுக்கே விழுந்தாள்.

"அவுர வுட்ரு! அவுரு பண்ணலண்ணா, நான்தான் பண்ணேன்! மோட்டார தொறந்தது நானு!"

"நீ ஒத்து. புருசன காப்பாத்த பொய் சொல்றியா?"

"சத்தியமா நானு! சென்ஸார் வெச்சது நானு!"

"பொம்பள மோட்டாரு செஞ்சாளாம்!" வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். எத்திராஜ் அவளை முடியைப் பிடித்து இழுத்து மூலையில் தள்ளிவிட்டு, மறுபடியும் ஸ்பேனரை ஓங்கினான்.

அவள் விழுந்த மூலையில்தான் சோதனை ஸ்டாண்ட் இருந்தது. இரும்புச் சட்டத்தில் மாட்டிய ஒரு உபரிச் சக்கரம், அதே இரட்டை சென்ஸார், கீழே பேட்டரி. புஷ்பம் எழுந்து சுவிட்சைப் போட்டாள். ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். சக்கரம் ஊளையிட்டது. கட்டைவிரல் சுவிட்சைத் தள்ளினாள். ஊளை கூர்மையாகி, ஷெட்டின் தகரக்கூரை அதிர்ந்தது. மூன்று ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாருங்கடா! நல்லா பாருங்க! என் தம்பிய எது தூக்கி அடிச்சிதுன்னு பாருங்க!"

முழு வேகத்தில் பேட்டரி சுவிட்சை அணைத்தாள்.

வெடித்தது. கண்ட்ரோலர் மூடி கூரையில் போய் மோதியது. சக்கரம் ஒரு நொடியில் கவ்விக்கொண்டதும் அந்த வேகம் முழுவதும் சட்டத்துக்குப் போனது. நாற்பது கிலோ இரும்பு ஒரு எகிறு எகிறிச் சுவரில் மோதிச் சாய்ந்தது. நெற்றியில் ஏதோ பட்டு புஷ்பத்தின் வலது கண் ரத்தத்தால் மூடிக்கொண்டது. பொசுங்கின நாற்றமும் புகையுமாக ஷெட் நிறைந்தது. வந்தவர்களில் ஒருவன் வாசலுக்கு ஓடிவிட்டான்.

"ஒனக்கு அடிக்கணும்னா என்னிய அடி" என்றாள் புஷ்பம்.

எத்திராஜ் அடித்தான். ஸ்பேனரைப் போட்டுவிட்டுக் கையால், பழைய இடத்திலேயே. அந்தக் காதில் கெடுவதற்கு இனி ஒன்றுமில்லை. அவள் தள்ளாடி, பட்டறை மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கைக்குச் சுத்தியல் அகப்பட்டது. அவன் இரண்டாவது தடவை கையை ஓங்கியபோது, அவள் முழு பலத்தோடு வீசினாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. சுள்ளி ஒடிகிற சத்தம். எத்திராஜ் முழங்காலிட்டு உட்கார்ந்தான். அவள் மறுபடியும் ஓங்கினாள். ஜலால் பாய் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் அவளைச் சேர்த்துப் பிடிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவள் கொலைகாரி ஆகியிருப்பாள். அது அவளுக்கே தெரியும். பிடித்தவரின் கையைக் கடித்தாள். அவர் விடவில்லை.

போலீஸ் வந்தது. இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தார்கள். எத்திராஜுக்குக் காரை எலும்பு முறிவு. சிட்டிபாபுவுக்கு வலது கையில் மூன்று எலும்பு, விலாவில் இரண்டு. ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர், மோட்டார் வேலை யார் பார்த்தது என்று கேட்டார். நான் என்றாள். அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவள் நெற்றிக் கட்டையும் முகத்தையும் பார்த்தார். பிறகு சிட்டிபாபு பெயரையே எழுதினார். பூவம்மாள் ஸ்டேஷன் வாசலில் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். "பெத்த மூணும் மூணு பக்கம் ஒடஞ்சி கெடக்குதே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரியவர்கள் பேசி, வழக்கு வேண்டாம் என்று இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கினார்கள். எத்திராஜ் இடது கையால் கைநாட்டு வைத்தான்.

கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்த சிட்டிபாபுவிடம் புஷ்பம் கேட்டாள்.

"ஏன்யா ஒரு வார்த்த பேசாம அடி வாங்கின? நான்தானே பண்ணேன்?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "லைன கட் பண்ற ரிலே நான் போட்டது புஷ்பா. அது இல்லன்னா வெடிச்சிருக்காது. அடிக்க அடிக்க, சரி வாங்கிக்கோன்னு இருந்துது."

அவள் எழுந்துபோய் ஷெட்டில் உட்கார்ந்தாள். உடைந்த கண்ணாடியைப் பெருக்கக்கூட இல்லை. ஒரு நோட்டுத் தாளில் பதினோரு பெயர்களை எழுதினாள்.

அந்தப் பதினொன்றில் நாலு வண்டிக்குச் சிட்டிபாபு பிறகு அதே ரிலேயை மாட்டியிருந்தான். மற்றதில் இல்லை. ஆனால் ஃபியூஸ் எல்லாவற்றிலும் உண்டு. ஃபியூஸ் போனாலும் அதேதான், பேட்டரி ஒயர் கழன்றாலும் அதேதான். வேகத்தில் சாவி வேலை செய்யாதபடி ஏதாவது செய்யலாமா என்று ஒருநாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாள். எந்தப் பக்கம் அடைத்தாலும் இன்னொரு பக்கம் திறந்துகொண்டது. கட்டைவிரல் சுவிட்சுக்குப் போகும் ஒயரை வெட்டி எடுத்துவிடுவது ஒன்றுதான் வழி.

ஒயர் கட்டரை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். முதல் மூன்று பேர் கதையைக் கேட்டதும் தாங்களே வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாலாவது ஆள் கதவைச் சாத்தினான். பீர்க்கன்காரணையில் ஒருவன், "வேகம் வேணும்னுதானே குடுத்தேன், வந்துட்டா வெட்றதுக்கு" என்று நாயை அவிழ்த்துவிட்டான். ஆடுசதையில் நாலு பல் பதிந்தது. ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் மறுபடியும் போனாள். அவன் வண்டியை எடுக்கும்வரை முனையில் காத்திருந்து, குறுக்கே போய் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒயரை வெட்டினாள். அவன் வயிற்றில் உதைத்தான். வெட்டிய ஒயரைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரோட்டில் சுருண்டு கிடந்தாள். எழுந்ததும் தாளில் அந்தப் பெயரை அடித்தாள்.

கடைசியாக இருந்தது பள்ளிக்கரணை சாம்பசிவன். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பேச்செல்லாம் சார் மோர் என்று மரியாதை. அவருடைய வண்டியில் ரிலே இருந்தது. இரண்டு தடவை, "பாக்கலாம்மா, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பினார். மூன்றாவது தடவை அவள் கேட்டுக்குள் வந்து வண்டி பக்கத்தில் உட்கார்ந்ததும் மரியாதை கழன்று விழுந்தது.

"வெளிய போடி! யாரக் கேட்டு உள்ள வந்த?" குடையால் முதுகில் அடித்தார். குடைக்கம்பி ஒடிகிறவரை அடித்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் கைப்பிடி மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவருடைய மனைவி அபிதகுஜாம்பாள் வந்தாள். தினமும் அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவள்.

"என்ன நடக்குது இங்க? ஏம்மா, உனக்கு என்ன வேணும்?"

புஷ்பம் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். பாலம், சாவி, லாரி, கால். நாலு வரியில் சொல்லிவிட்டாள். அபிதகுஜாம்பாள் கணவனைப் பார்த்தாள்.

"பழைய பைக்குல இறக்கத்துல நீங்களும் ஆஃப் பண்ணுவீங்களே. நேத்து கூட கைய சாவி மேல வெச்சீங்க. நான்தான் ஹாரன் அடிக்கறீங்கன்னு நெனச்சேன்."

சாம்பசிவன் கையில் ஒடிந்த குடையோடு நின்றார். அவள் வந்து அந்தக் குடையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். பிறகு புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு புஷ்பத்தின் பக்கத்தில் குந்தினாள். "எந்த ஒயர் காட்டு" என்றாள். இருவரும் சேர்ந்து வெட்டினார்கள்.

ஆகஸ்ட் மாதம் அருண்ராஜ் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அம்மா சொல்லியனுப்பினாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு புஷ்பம் குப்பத்துக்குப் போனாள். பகல் வெயிலில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன.  வீட்டு வாசலில் எத்திராஜ் தோள்கட்டோடு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்தான். எழவில்லை, வழியும் மறிக்கவில்லை. அவன் காலைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அருண்ராஜ் கட்டிலில் சாய்ந்திருந்தான். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. அக்காவைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த ஊன்றுகோலை எடுத்து எறிந்தான். அது அவள் முழங்கையில் பட்டு, பாத்திரங்கள் மேல் விழுந்தது. தண்ணீர்ச் சொம்பை எறிந்தான். மருந்து பாட்டிலை எறிந்தான். எறிய வேறு எதுவும் கைக்கெட்டவில்லை. புஷ்பம் விலகவே இல்லை.

"ஏன்க்கா சொல்லல? சாவிய தொடாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டிருப்பனா? ஏன் சொல்லல?"

"எனக்கே தெரியாதுடா" என்றாள் புஷ்பம். "தெரியாமலே ஒனக்குக் குடுத்துட்டேன்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதான். அவள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தாள். தொடவில்லை. பூவம்மாள் அடுப்படியில் மீனை அரிந்துகொண்டே இருந்தாள். 

கொஞ்ச நேரம் கழித்து எத்திராஜ் உள்ளே வந்தான்.  அவன் நல்ல கையால் பாத்திரங்களுக்கு நடுவே கிடந்த ஊன்றுகோலை எடுத்தான். தம்பியின் கட்டிலோரம் கைக்கு எட்டும்படி சாய்த்து வைத்தான். புஷ்பத்தைப் பார்க்காமலே வெளியே போனான்.

அவள் சாயங்காலம் வரைக்கும் இருந்தாள். அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டாள். அருண்ராஜ் அவளைப் போகச் சொல்லவில்லை. ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு அவள் எழுந்தபோது, சுவரைப் பார்த்தபடியே, "அடுத்த வாரம் வரப்போ மாமாவையும் இட்டுகினு வா" என்றான்.